ஃபேன் இரைகிறது: கோளாறு ஃபேனில்தானா?

நான்கைந்து வருடம் உழைத்த லேப்டாப் இரைய ஆரம்பித்ததும், அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “ஃபேன் மாத்த எவ்வளவு ஆகும்?” என்பதுதான். கடைக்காரரும் மாடலைப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். புதிய ஃபேன் வந்து உட்காரும். பல சமயம் பழைய இரைச்சலும் கூடவே வந்து உட்காரும். ஏனென்றால் ஃபேன் தன்னிஷ்டத்துக்கு வேகமெடுப்பதில்லை. மதர்போர்டில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுச் சிப் பிராசசரின் சூட்டை இடைவிடாமல் பார்த்துக்கொண்டு, எவ்வளவு வேகம் வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. ஃபேன் அதற்குக் கீழ்ப்படிகிறது. பழைய லேப்டாப்பில் கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி இந்தக் கீழ்ப்படிதலின் சத்தம். ஃபேனே தேய்ந்துபோய் எழுப்பும் சத்தம் வேறு வகை. அதற்கு வைத்தியமும் வேறு. இரண்டையும் பிரித்தறியாமல் பர்ஸையோ ஸ்குரூ டிரைவரையோ எடுக்கக் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

காதால் பிரிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. சூட்டால் வருவது காற்றின் சத்தம். ‘உஸ்’ என்று சீராக எழும், வேலை கூடினால் ஏறும், வேலை முடிந்து சற்று நேரத்தில் இறங்கும். தேய்மானத்தால் வருவது உராய்வின் சத்தம். கரகரக்கும், டக்டக்கென்று தட்டும், கிரீச்சிடும். சூட்டுக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இருக்காது. காலையில், இரவெல்லாம் அணைந்து கிடந்த லேப்டாப்பைத் தட்டியதும் முதல் சில நொடிகளைக் கவனியுங்கள். பிராசசர் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது. அப்போதே கரகரப்பு கேட்டால் பழி ஃபேனின் மேல்தான். அடுத்த சோதனை, ஓடும்போது லேப்டாப்பை மெல்லச் சாய்த்துப் பார்ப்பது. உள்ளே ஹார்டு டிஸ்க் இருந்தால் இதை மிக நிதானமாகச் செய்ய வேண்டும். எஸ்எஸ்டி என்றால் கவலையில்லை. சாய்க்கும் கோணத்தைப் பொறுத்துச் சத்தம் மாறினாலோ நின்றாலோ, ஃபேனின் அச்சு தன் இருக்கையில் ஆடுகிறது என்று பொருள். காற்றுச் சத்தம் அப்படி மாறாது. டெல் லேப்டாப்பில் இயக்கும்போது எஃப்12 அழுத்தி வரும் பட்டியலிலும், ஹெச்பியில் எஃப்2 அழுத்தியும், விண்டோஸ் ஏறும் முன்பே வன்பொருள் சோதனைக்குள் போகலாம். அங்கே கேட்கும் சத்தத்துக்கு விண்டோஸையோ வைரஸையோ காரணம் காட்ட முடியாது. பக்கத்தை உருட்டும்போது மட்டும் ‘கீ’ என்று மெல்லிய ஒலி வருகிறதென்றால் அது மின்சுற்றில் உள்ள சுருள்களின் அதிர்வு. ஃபேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உராய்வை அப்புறம் பார்ப்போம். பெரும்பாலோருக்கு வருவது காற்றுச் சத்தம்தான். அதில் நமக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது. ஃபேன் தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் மாறும். சத்தமோ வேகத்தோடு அதைவிடச் செங்குத்தாக ஏறும்: வேகம் இரட்டித்தால் சுமார் 15 டெசிபல் கூடும் என்பது ஃபேன் பொறியியலில் பொதுவாகக் கொள்ளும் மதிப்பு. அதன்படி நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும் ஃபேன் 4000 சுற்றுக்கு இறங்கினால், காற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும். சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்றும் என்பதால், 5 டெசிபல் என்பது அடுத்த நாற்காலியில் இருப்பவரும் உணரும் வித்தியாசம். ஆக, லேப்டாப்பின் வெப்பச் சுமையைப் பெரிதாகக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே காதுக்கு நிம்மதி கிடைத்துவிடும். புது ஃபேன் வாங்குவதால் இந்த லாபம் வராது. அதே சூட்டுக்கு அதுவும் அதே 5000 சுற்றுதான் சுற்றும்.

சரி, சூடு எங்கே மிகுகிறது? இதைக் கண்டுபிடிக்க உள்ளே திறக்க வேண்டாம்; காற்று வெளியேறும் துளைக்கு நேராகக் கையை வைத்தால் போதும். கூடவே ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பிராசசரின் வெப்பநிலையையும் பாருங்கள். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் இருக்கிறது. லேப்டாப்புக்குக் கனமான வேலை ஏதாவது கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஃபேன் பலமாக இரைகிறது, ஆனால் கையில் படும் காற்று மெலிந்திருக்கிறது, அதுவும் கொதிக்கிறது என்றால், வழியில் தூசி அடைத்திருக்கிறது. காற்று தாராளமாக வருகிறது, வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது, பிராசசர் மட்டும் 95 டிகிரியைத் தொடுகிறது என்றால், பிராசசரின் சூடு அதை ஏந்திச் செல்லும் செம்புக் குழாய்க்கே போய்ச் சேரவில்லை. இடையில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட் சிங்க் சரியாக அமரவில்லை. காற்று தாராளமாகவும் சூடாகவும் வருகிறது என்றால் குளிர்விக்கும் அமைப்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. லேப்டாப்புக்கு வேலைதான் அதிகம். மூன்றுக்கும் மூன்று வழி. எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கழற்றிச் ‘சர்வீஸ்’ செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய பிளாஸ்டிக் கொக்கிகள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒன்றிரண்டு உடைகின்றன.

தூசி விஷயத்தில் பலர் ஏமாறுவது, வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது என்பதால்தான். ஃபேனுக்கும் வெளித்துளைக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. தூசி படிவது அவற்றின் உள்பக்கத்தில், ஃபேனைப் பார்த்த முகத்தில். பஞ்சு, முடி, சாம்பிராணிப் புகை, சமையலறையின் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து அங்கே கம்பளித் துணிபோல ஒரு படலம் ஆகிவிடும். துளை வழியாக வெளியிலிருந்து ஊதினால் அந்தப் படலம் உடைந்து ஃபேனுக்குள்ளேயே போய் விழும். சில நாள் சத்தம் குறையும், பிறகு காற்றோடு வந்து பழைய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பின் மூடியைத் திறந்து, ஃபேனின் மேல் தகட்டையும் நீக்கி, படலத்தைச் சிறு இடுக்கியால் உரித்தெடுப்பதே முறை. லெனோவோ, டெல், ஹெச்பி மூன்றுமே பல மாடல்களுக்குக் கழற்றும் முறையைப் படத்தோடு விளக்கும் சர்வீஸ் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. யாரோ எடுத்த வீடியோவைவிட அதை நம்பலாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. உள்ளே பேட்டரி கொண்ட திங்க்பேடுகளில், திறக்கும் முன்பே பயாஸுக்குள் போய் அதைத் துண்டிக்க ஒரு வசதி உண்டு. மிச்சத் தூசியைப் போக்கக் காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் அடித்தால் அது வடிவமைத்த வேகத்தைத் தாண்டிச் சுழன்று பேரிங் கெடும். நல்ல ஃபேனைக் கரகரப்பான ஃபேனாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. டயர் கடையின் கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும், அழுத்தமும் மிக அதிகம்.

பேஸ்ட் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளுக்கு அளவே இல்லை. எந்த பிராண்டு என்பது பழைய லேப்டாப்பில் அவ்வளவு முக்கியமில்லை. பிராசசரின் பரப்பும் செம்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய பள்ளங்கள் உடையவை. அவற்றில் நிற்கும் காற்று வெப்பத்தை ஏறக்குறையக் கடத்துவதே இல்லை. மலிவான பேஸ்ட்கூடக் காற்றைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். எனவே காய்ந்து வெடித்த பழையதை நீக்கிவிட்டு ஏதோ ஒரு நல்ல பேஸ்டைப் போட்டாலே பெரும்பாலான லாபம் வந்துவிடும். விலையுயர்ந்த ரகத்தால் கூடுதலாகக் கிடைப்பது ஒருசில டிகிரிதான். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். லேப்டாப் பிராசசரில் மேல்மூடி கிடையாது, சிலிக்கான் சில்லு வெறுமையாகவே இருக்கும். அதன் முழுப் பரப்பும் மூடும்படி மெல்லிசாகத் தடவ வேண்டும். ஹீட் சிங்க்கின் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருந்தால், அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சில்லின் விளிம்பு உடைய வாய்ப்புண்டு. பக்கத்துப் பாகங்களின் மேல் ரப்பர்போல ஒட்டியிருக்கும் தெர்மல் பேடுகளைப் பிய்த்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் அப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பேஸ்டால் நிரப்ப முடியாது.

மூன்றாவது வகையில், அதாவது எல்லாம் சரியாக இருந்தும் வேலைதான் அதிகம் என்ற நிலையில், லேப்டாப் பழசானதன் உண்மையான பொருள் விளங்கும். கருவி மாறவில்லை, அதன் மேல் ஏறும் வேலை மாறிவிட்டது. யூடியூபை எடுத்துக்கொள்வோம். அது இன்று வீடியோக்களைப் பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற முறைகளில் சுருக்கி அனுப்புகிறது. அவற்றை விரிக்கத் தனிச் சுற்று இருந்தால் பிராசசர் சும்மா இருக்கலாம். இன்டெல்லில் விபி9க்கு முழுமையான சுற்று 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1க்கு 11ஆம் தலைமுறையில். அதற்கு முந்தைய லேப்டாப்களில் பிராசசரே முழு மூச்சாக அந்த வேலையைச் செய்தாக வேண்டும், ஃபேனும் அதற்கேற்ப இரையும். விபி9 முறையே 2013இல்தான் இறுதி வடிவம் பெற்றது. ஆகவே தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் தவணைகளில் வந்தவை போன்ற கருவிகளுக்கு, இன்று பாட்டு கேட்பதுகூட அவை பிறந்த காலத்தில் இல்லாத உழைப்பு. ஓடும் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால், கோடெக் வரியில் எந்த முறை என்று தெரியும். பழைய ஹெச்.264 முறையில் அனுப்பும்படி யூடியூபைக் கேட்கும் சிறு நீட்டிப்புகள் உலாவிகளுக்குக் கிடைக்கின்றன. 1080பிக்கு மேல் தெளிவு கிடைக்காது; பழைய லேப்டாப்பின் திரைக்கு அது போதும். செலவே இல்லாமல் ஃபேனை அடக்கும் வழிகளில் இதற்கு நிகரானது குறைவு.

அடுத்தது டர்போ, அதாவது பிராசசர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டிச் சிறிது நேரம் தாவுவது. 2017இல் வந்த இன்டெல் ஐ5-8250யூவை உதாரணமாகக் கொள்ளலாம். இன்று பழைய லேப்டாப் சந்தையில் நிறையக் கிடைக்கும் சிப் அது. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 3.4, வெப்பக் கணக்கு 15 வாட். உச்ச வேகத்துக்குத் தாவும் சில நொடிகளில் பல மாடல்கள் இந்த 15 வாட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கின்றன. வேகம் கூட மின்னழுத்தமும் கூட வேண்டும். செலவாகும் மின்திறனோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கடைசி ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் விலைதான் மிக அதிகம். ஒரு பக்கம் திறக்கும்போதெல்லாம் ஃபேன் திடுக்கென்று சீறி அடங்குவது இந்தத் தாவலால்தான். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99க்கு மாற்றினால் பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். வேகம் பாதியாகிவிடுமே என்று கேட்கலாம். கனமான வேலையில் அது உண்மை; வீடியோ எடிட்டிங் செய்கிறவர் இதைத் தொட வேண்டாம். கடிதம் தட்டுவதற்கும் மின்னஞ்சலுக்கும் கணக்குப் பார்ப்பதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். பின்னணியில் ஓடும் அப்டேட், ஆன்டிவைரஸ் சோதனை, தேடல் அட்டவணை ஆகியவை தற்காலிகமானவை. டாஸ்க் மேனேஜரில் பார்த்து, முடியட்டும் என்று விட்டுவிடலாம்.

இவ்வளவு எதற்கு, மென்பொருள் வைத்து ஃபேனின் வேகத்தையே குறைத்துவிடலாமே என்பது நியாயமான கேள்வி. லினக்ஸில் திங்க்ஃபேன், விண்டோஸில் நோட்புக் ஃபேன் கன்ட்ரோல் என்று அதற்கான கருவிகளும் உண்டு. சில மாடல்களில் தயாரிப்பாளர் வைத்த வரம்பு அளவுக்கு மீறி எச்சரிக்கையானது. 50 டிகிரியிலேயே ஃபேனை விரட்டும். சுத்தம் செய்து, பேஸ்ட் மாற்றி, முழு வேலையிலும் 80 டிகிரியைத் தாண்டாத லேப்டாப்பில் அந்த வரம்பைத் தளர்த்துவதில் தவறில்லை. அடைத்த லேப்டாப்பில் இதைச் செய்தால் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்கும். பிராசசர் எரிந்துவிடாது, பல இன்டெல் சிப்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கு அப்படித் தப்பிக்கத் தெரியாது. லித்தியம் பேட்டரியைச் சூட்டைப்போல விரைவாக முதுமையாக்குவது வேறில்லை.

இனி உராய்வு. லேப்டாப் ஃபேன்கள் பலவற்றில் அச்சு சுழல்வது எண்ணெய் ஊறிய புஷ்ஷுக்குள். வருடங்கள் போகப்போக எண்ணெய் வற்றும், புஷ் தேயும், அச்சு ஆடும். குளிர்ந்த நிலையில் கரகரத்துவிட்டுச் சில நிமிடத்தில் அடங்குகிறதென்றால் தேய்மானம் தொடக்கத்தில் இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். சரியாகும், கொஞ்ச காலத்துக்கு. எண்ணெய் வற்றியதை அது ஈடுகட்டும். தேய்ந்த உலோகத்தை அது திருப்பித் தராது. அவசரத்துக்குச் செய்வதானால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. டபிள்யூடி-40 சீக்கிரம் ஆவியாகி, இருந்த எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது. ஏசி அறையில் காலையில் ஃபேன் சுற்ற மறுத்தால் ஆச்சரியப்படக் கூடாது. என் தீர்ப்பு, கரகரக்கும் ஃபேனை மாற்றிவிடுவதே. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் ஸ்பேர் கடையிலோ கேட்கும்போது லேப்டாப்பின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள பாக எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலிலேயே தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு அமைப்பு இருக்கும். இணைப்பில் மூன்று கம்பியா நான்கு கம்பியா என்பதும் பொருந்த வேண்டும். வேகத்தைத் தெரிவிக்கும் கம்பி சரியில்லாவிட்டால் திங்க்பேட் ‘ஃபேன் எரர்’ என்று காட்டிவிட்டு, மேற்கொண்டு ஏறவே மறுக்கும்.

இத்தனையும் செய்தபின் சித்திரை, வைகாசியில் மட்டும் இரைச்சல் திரும்புகிறதே என்று குறைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பிராசசரின் சூடு என்பது அறையின் சூட்டோடு அதன் சொந்தச் சூட்டைக் கூட்டியது. மார்கழியில் 26 டிகிரி அறையில் 70 காட்டிய பிராசசர், கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில், அதே ஃபேன் வேகத்தில், 82 காட்டும். அதைத் தவிர்க்கத்தான் ஃபேன் வேகமெடுக்கிறது. இது கோளாறல்ல, செலவு செய்து தீர்க்க வேண்டியதும் அல்ல. மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றி, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வையுங்கள். ஃபேன் வைத்த கூலிங் பேட் வாங்குவது ஒரு சத்தத்தைக் குறைக்க இன்னொரு சத்தத்தை விலைக்கு வாங்குவது. புது லேப்டாப் வாங்கலாமே என்பவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது: மெல்லிய புது லேப்டாப்களின் சின்ன ஃபேன்களும் கத்திரியில் இரையத்தான் செய்யும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் இந்த அத்தியாயத்தில் சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஃபேன் திடீரென்று எதிலோ உரசுவதுபோல் சத்தமிட்டு, கூடவே டச்பேட் மேலெழும்பியோ அடிப்பாகம் உப்பியோ தெரிந்தால், வீங்கிய பேட்டரி ஃபேன் கூட்டை நெருக்குகிறது. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை அமுக்காமலும் குத்தாமலும் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அதை மாற்றும்வரை அந்த லேப்டாப்பை இயக்க வேண்டாம்.